ரெண்டு சைஸ் பெருசாவே எடுங்க

நகரியிலும் புத்தூரிலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் ஒரே பேச்சுதான் காதில் விழும். “வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசாவே எடுங்க.” பையனின் முகம் தொங்கிப்போகும். தோள்தையல் முழங்கைப் பக்கம் இறங்கி நிற்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போவது அவனுக்கு மானப் பிரச்சினை. அம்மா அசைய மாட்டார். அடுத்த ஆண்டு அதே சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

பாராசூட் வாங்கும் இடத்துக்கு அந்த அம்மா வருவதில்லை. அங்கே நடப்பது நேர்தலைகீழ். உரிமம் கைக்கு வந்ததும் புதியவரின் முதல் ஆசை, பயிற்சிக் காலத்தில் மாட்டிவிட்ட அந்தப் பெரிய பாராசூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்குவதுதான். பெரியது மாணவனுக்கு, சின்னது வீரனுக்கு என்ற எண்ணம் இந்த விளையாட்டில் ஊறிக் கிடக்கிறது. பையனின் மானப் பிரச்சினை போலத்தான் இதுவும். ஆனால் சட்டை இறுக்கமாக இருந்தால் தையல்தான் விடும். இங்கே விடுவது கணுக்கால், தொடை எலும்பு, சில சமயம் உயிர்.

பாராசூட் என்றதும் தேங்காய் எண்ணெய்ப் புட்டி நினைவுக்கு வரும் ஊர்களில் இதைப் பற்றி எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம். சித்தூரிலோ திருப்பதியிலோ ஸ்கைடைவிங் மைதானம் கிடையாது. ஆசைப்பட்டவர்கள் ஹரியானாவின் நார்னௌலுக்குப் போக வேண்டும். கையில் காசு இருந்தால் தாய்லாந்துக்கோ துபாய்க்கோ போகலாம். ஆனாலும் பாராசூட்டின் அளவு என்ற ஒற்றை விஷயத்தைத் தேசமே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டையோடு சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவும் நெல்லூரிலிருந்து திருப்பதிக்கு வந்துவிட்டது. அங்கே 2025 ஆகஸ்ட் 24 அன்று இஸ்ரோ ஒரு காரியம் செய்தது. ககன்யான் விண்கலத்தின் மாதிரி ஒன்றை, சுமார் 4.8 டன் எடை, விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு 3 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டார்கள். ராக்கெட் இல்லை, நெருப்பு இல்லை. பாராசூட்டுகள் வரிசை தப்பாமல் விரிகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

அந்தக் கலத்தில் இருப்பது மொத்தம் 10 பாராசூட். மூடியைக் கழற்ற 2, வேகத்தை அடக்கி ஆட்டத்தை நிறுத்த 2, பெரியவற்றை இழுத்து வெளியே எடுக்க 3, கடைசியில் கலத்தைச் சுமந்து இறங்கும் பெரியவை 3. இந்தப் பெரிய மூன்றில் இரண்டே போதும், கலம் பத்திரமாகக் கடலில் இறங்கிவிடும். மூன்றாவது, கணக்குக்கு மேல் வைத்தது. அதையும் சும்மா நம்பிவிடவில்லை. 2022 நவம்பர் 18 அன்று ஜான்சி மாவட்டத்தின் பபினாவில் 5 டன் எடையை விமானத்திலிருந்து தள்ளிவிட்டு, பெரிய பாராசூட்டுகளில் ஒன்று விரியாவிட்டால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே சோதித்தார்கள். விரியும்போது துணி ஒரேயடியாக முழு அகலத்துக்கும் போவதில்லை. முதலில் வாயைக் கட்டிப் பாதியாக வைத்திருந்து, அதிர்ச்சி தணிந்த பிறகு கட்டை வெட்டிவிடுகிறார்கள். படிப்படியாகத்தான் எல்லாம். விண்வெளிக்குப் போய்வருபவருக்கே இரண்டு போதுமிடத்தில் மூன்று என்றால், 25 தடவை குதித்தவர் எந்தத் தைரியத்தில் இருப்பதைக் குறைக்கிறார்?

25 என்ற எண் கற்பனை இல்லை. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் நிலை உரிமமான ‘ஏ’ உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். இந்தியர்கள் பலர் வாங்கிவருவதும் இதைத்தான். ஒவ்வொரு குதிப்பிலும் பாராசூட் விரிந்த பிறகு காற்றில் கழியும் நேரம் நாலைந்து நிமிடம். ஆக, உரிமம் பெற்றவரின் மொத்த ஓட்டுநர் அனுபவம் இரண்டு மணி நேரம். திருப்பதியிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் பழகியவரிடம் யாரும் பந்தயக் காரின் சாவியைக் கொடுப்பதில்லை.

விண்கலத்தின் பாராசூட்டும் ஸ்கைடைவரின் பாராசூட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னது குடை. காற்றைத் தடுத்து மெதுவாக இறக்கும், போகும் திசை அதன் கையில் இல்லை. பின்னது இறக்கை. டோமினா ஜால்பெர்ட் என்ற பட்டம் செய்யும் அமெரிக்கர் 1960-களில் கண்டுபிடித்த வடிவம் அது. மேலும் கீழுமாக இரண்டு துணி, நடுவே அறைகள், முன்வாய் வழியாகக் காற்று புகுந்து உப்பிக்கொண்டால் விமான இறக்கை போலாகிவிடும். அது சும்மா இறங்காது, முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே இறங்கும். தரை நெருங்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து இழுத்தால் பாய்ச்சல் தூக்குவிசையாக மாறி, கால் மெல்லத் தரையில் படும். இதற்கு ஃப்ளேர் என்று பெயர். சரியான உயரத்தில், சரியான நொடியில் இழுக்க வேண்டும். புதியவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எனவே ‘சைஸ்’ என்றால் இங்கே இறக்கையின் பரப்பு. உலகம் முழுக்க அதைச் சதுர அடியில்தான் சொல்கிறார்கள். குதிப்பவரின் எடை, உடை, தலைக்கவசம், முதுகில் மாட்டிய முழுச் சாமான் எல்லாவற்றையும் பவுண்டில் கூட்டி, பரப்பால் வகுத்தால் வருவது விங் லோடிங், அதாவது ஒரு சதுர அடித் துணி தூக்கும் சுமை. உடல் எடை 70 கிலோ, சாமான் 11, 12 கிலோ என்றால் மொத்தம் சுமார் 180 பவுண்டு. 180 சதுர அடி இறக்கையில் விங் லோடிங் 1. முதல் நிலை உரிமக்காரர் இந்த 1-ஐத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்கச் சங்கத்தின் அறிவுரை. பிரையன் ஜெர்மெய்ன் என்ற பாராசூட் பயிற்சியாளர் ஒரு சுலபமான வாய்ப்பாடு தந்திருக்கிறார். 1-ல் ஆரம்பித்து, 100 குதிப்புக்கு 0.1 வீதம் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். 200 குதிப்பு முடித்தவருக்கு 1.2.

இப்போது அந்த 180 பவுண்டுக்காரர் ஆசைப்பட்டு 135 சதுர அடி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விங் லோடிங் 1.33. வேகம் இதன் வர்க்கமூலக் கணக்கில் ஏறும், எனவே கூடுவது 15 சதவீதம்தான். “இவ்வளவுதானா?” என்று தோன்றும். ஆனால் எலும்பை உடைப்பது மோதும் ஆற்றல். அது வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது 33 சதவீதம் அதிகம். கடைக்காரர் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். அட்டவணைகள் போடப்படுவது 15 டிகிரி குளிர்ச்சியில், கடல் மட்டத்துக் காற்றை நினைத்து. சித்தூர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில், அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி 11, 12 சதவீதம் குறைந்துவிடும். மெலிந்த காற்று அதே எடையைத் தாங்க வேண்டுமானால் இறக்கை 6 சதவீதம் வேகமாக ஓட வேண்டும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், குளிர்காலை 180-க்கும் கத்திரி வெயில் 135-க்கும் இடையே மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்கு. உடம்பு அதே உடம்பு, முழங்கால் அதே முழங்கால்.

இறங்கும் இடம் எப்போதும் புல்வெளியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. காற்று திசை மாறினால் மைதானம் கைநழுவிப் போகும். கீழே இருப்பது மாந்தோப்பாக இருக்கலாம், கரும்புக் கொல்லையாக இருக்கலாம், சேஷாசலத்து அடிவாரத்தில் உருண்டு கிடக்கும் பாறைகளாகவும் இருக்கலாம். திடீரென்று மின்கம்பி கண்ணில் படும். பதறிப்போய் ஒரு பக்கக் கைப்பிடியை ஓங்கி இழுப்பார் புதியவர். இறக்கை சாய்ந்து குப்புறப் பாயும், ஆள் ஊஞ்சல் போல வெளியே வீசப்படுவார். பெரிய இறக்கை அந்தத் திருப்பத்திலிருந்து மீள எடுக்கும் உயரம் குறைவு. சின்னது அதிகம் தின்னும், தரைக்கு மேல் அவ்வளவு உயரம் மிச்சம் இருக்காது. ஸ்கைடைவிங் மரணம் என்றால் பாராசூட் விரியாமல் போனது என்றே வெளியார் நினைக்கிறார்கள். ஆண்டாண்டு காலமாக விபத்து ஆய்வுகள் சொல்வது வேறு. நன்றாக விரிந்த, பழுதில்லாத பாராசூட்டின் கீழ், தரைக்கு மிக அருகில் மாண்டவர்கள் கணிசம். விளையாட்டே ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. 2023-ல் அமெரிக்காவில் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். மிச்சமிருக்கும் ஆபத்தில் தவிர்க்கக்கூடிய பங்கு எது என்பதுதான் கேள்வி.

பிறகு ஏன் சின்னதை வாங்குகிறார்கள்? வீம்பு ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. புதுச் சாமான் முழுவதும் வாங்க லட்சக்கணக்கில் ஆகும், எனவே பழையது தேடுகிறார்கள். பழையது விற்பவர் அனுபவசாலி, அவரிடம் இருப்பது சின்னது. முதுகுப் பையும் அந்த அளவுக்கே தைத்தது, பெரிய துணி அதில் நுழையாது. “மலிவாகக் கிடைத்தது, பழகிக்கொள்ளலாம்” என்று முடிகிறது பேரம். செருப்பு கிடைத்ததற்காகக் காலைச் செதுக்கும் கதைதான். பத்திரிகைகளும் இதற்குத் துணை போகின்றன. புனேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் 2004-ல் தம் முதல் குதிப்பையே வடதுருவத்தில் நிகழ்த்தியவர், 2011-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 2018-ல் அவர் தாய்லாந்தில் மராட்டிய ஒன்பது கெஜச் சேலை கட்டிக் குதித்தபோது சேலையின் நீளம்தான் ஊரெல்லாம் பேச்சு. தலைக்கு மேல் விரிந்த துணி எத்தனை சதுர அடி என்று கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

எடை குறைந்தவர்கள் விஷயத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண், 10 கிலோ சாமான், மொத்தம் 132 பவுண்டு. விங் லோடிங் 1 என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் இவருக்கு 135 சதுர அடி சரி என்றாகிவிடும். காகிதத்தில் குறை சொல்ல முடியாது, காற்றில் அது வேறு மிருகம். இறக்கை சிறுத்தால் நூல்களும் குட்டையாகும். குட்டை நூலில் தொங்குபவர் வேகமாக ஊசலாடுவார், கைப்பிடியைத் தொட்டதுமே இறக்கை திரும்பும். கடிகாரப் பெண்டுலத்தைக் குட்டையாக்கினால் ஆட்டம் வேகமாவதைப் போல. 180 பவுண்டுக்காரர் 180-ல் பெறும் நிதானத்தை 132 பவுண்டுக்காரர் 135-ல் பெற முடியாது. எண் ஒன்றுதான், குதிரை வேறு. மேல்நாட்டுப் பொதுவிதிகள் கனமான உடல்களை மனத்தில் வைத்துப் பிறந்தவை. சராசரி எடை குறைந்த நம்மவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த 1-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்தை விதிப்படி வாங்கியவர்கள் ஆகிறார்கள்.

அவருக்கு 170 கொடுத்தால்? விங் லோடிங் 0.78-க்கு இறங்கும். பாய்ச்சல் குறையும், காற்று பலமாக இருந்தால் முன்னேற முடியாமல் தள்ளாடும். “எதிர்க்காற்றில் பின்னால் போகிறேன், சின்னது வேண்டும்” என்று கேட்கும் மெலிந்தவர்களின் வாதம் இதுதான், பொய்யான வாதமும் இல்லை. ஆனால் மருந்து துணியைக் குறைப்பது அல்ல, அன்றைக்குக் குதிக்காமல் இருப்பது. மாணவர்களுக்குத் தரைக்காற்றின் உச்சவரம்பு மணிக்கு 14 மைல், அதாவது 22 கி.மீ. சொச்சம் என்று அமெரிக்கச் சங்கம் வைத்திருக்கிறது. உரிமம் வந்தபின் அந்த வரம்பு அவரவர் விவேகத்துக்கு விடப்படுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருப்பதி-சித்தூர் சாலையில் காதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம், 1,024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, தலைக்கு மேல் பல கிலோமீட்டர் வரை காற்று எந்த உயரத்தில் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அளந்துகொண்டிருக்கிறது. ஒரே செங்குத்துக் கோட்டில் காற்று எத்தனை முறை குணம் மாறும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு அன்றாடச் சங்கதி. போதாததற்கு, கோடை மதியத்தில் வறண்ட வயலில் கிளம்பும் சுழல்காற்று. பேய்க்காற்று என்று பாட்டிமார் பெயர் வைத்தது சரிதான். அதன் வாயில் சிக்கினால் 135 என்ன, 230 என்ன, இறக்கை மடங்கிவிடும். பெரிய பாராசூட் சர்வரோக நிவாரணி அல்ல.

ரிசர்வ் பாராசூட்டின் அளவைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதே இல்லை. முதுகுப் பையில் இரண்டு இருக்கும். முதலாவது பழுதானால் வெட்டிவிட்டு இரண்டாவதை விரிக்க வேண்டும். பை சிறியதாக இருந்தால் ரிசர்வும் சிறியதுதான் உள்ளே போகும். யாருமே விரிக்காவிட்டால்? ஜெர்மானியர் ஹெல்முட் க்ளோத் 1991-ல் சந்தைக்குக் கொண்டுவந்த சைப்ரஸ் போன்ற கருவி, தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஆள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், தானே ரிசர்வைத் திறந்துவிடும். அப்படித் திறக்கும்போது குதித்தவர் நினைவிழந்து கிடக்கலாம். ஃப்ளேர் செய்யக் கையில்லை. வெறும் துணியின் பரப்புதான் அவரை இறக்கியாக வேண்டும். பிரதானப் பாராசூட்டை வண்ணம் பார்த்து, வடிவம் பார்த்து வாங்குபவர்கள், கையோடு வந்த ரிசர்வ் எத்தனை சதுர அடி என்று கூடக் கேட்காமல் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆளுக்கு ஆள் புத்தி சொல்லி இது தீராது. நெதர்லாந்தில் எத்தனை குதிப்பு முடித்தவர், எவ்வளவு சுமையோடு, எந்த அளவு வரை போகலாம் என்பதற்கு விதியே இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தனிமனித சுதந்திரத்தின் மேல் அவர்களுக்கு உள்ள பற்று அப்படி. வயது வந்தவர் தன் எலும்பைத் தானே பணயம் வைக்கட்டும் என்ற வாதத்துக்கு அங்கே மரியாதை உண்டு. இங்கே அது எடுபடாது. அங்கே ஒரு மைதானத்தில் ஆயிரக்கணக்கில் குதித்த மூத்தவர்கள் பத்துப் பேர் நின்று “தம்பி, இது உனக்கு வேண்டாம்” என்று அதட்டுவார்கள். நம் நாட்டில் அந்த மூத்தவர்களின் கூட்டம் இன்னும் உருவாகவில்லை. விமானப்படையின் ஆகாஷ்கங்கா குழு 1987 முதல் குதித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அது சீருடைக்குள் இருக்கும் அனுபவம். வெளியே இருக்கும் புதியவருக்கு அதட்ட ஆளில்லாத இடத்தில் எழுதிவைத்த விதிதான் மூத்தவர்.

அதற்கான வாசலும் திறந்திருக்கிறது. 2022 ஜூன் 7 அன்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய வான்விளையாட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 11 விளையாட்டுகள், அவற்றில் ஸ்கைடைவிங்கும் ஒன்று. மேலே இந்திய வான்விளையாட்டுக் கூட்டமைப்பு, கீழே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேசியச் சங்கம் என்று அடுக்கு வைத்து, பாதுகாப்பு விதிகளை வகுக்கும் பொறுப்பைச் சங்கங்களிடம் கொடுத்திருக்கிறது. ஸ்கைடைவிங் சங்கம் முதலில் எழுத வேண்டிய அட்டவணை இதுதான்: குதிப்பு எண்ணிக்கை, மொத்த எடை, குறைந்தபட்சச் சதுர அடி. கூடவே, எந்த எடையானாலும் முதல் 100 குதிப்புக்கு இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிமட்டக் கோடு, மெலிந்தவர்களுக்காக. ரிசர்வுக்குத் தனிப் பத்தி. கோடைக்கும் ஆடிக்கும் தனிக் குறிப்பு. நாட்டில் இந்த விளையாட்டு ஆடுபவர்கள் சொற்பமாக இருக்கும்போதே இதை எழுதிவிடுவது எளிது. ஆயிரம் பேர் ஆயிரம் சின்னப் பாராசூட் வாங்கி வைத்த பிறகு எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. திருமலையில் துலாபாரத் தட்டில் உட்காருபவரின் எடையை ஊரே பார்க்கிறது, யாரும் கூச்சப்படுவதில்லை. குதிக்கும் மைதானத்தின் பதிவு மேசைக்குப் பக்கத்திலும் ஒரு தராசு வேண்டும், விமானம் ஏறுமுன் முழுச் சாமானோடு ஆளை நிறுத்திப் பார்க்க. அந்த எடையையும், முதுகில் இருக்கும் இரண்டு துணிகளின் சதுர அடியையும், அதுவரை குதித்த எண்ணிக்கையையும் ஒரே வரியில் பதிவேட்டில் எழுத வேண்டும். வரி பொருந்தாவிட்டால் அன்றைக்கு மைதானத்தின் வாடகைப் பாராசூட், 210-ஓ 230-ஓ, மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். முகம் தொங்கினால் தொங்கட்டும்.